கோலாலம்பூரில் கிளப் கிரிக்கெட்: முதல் மேட்சுக்குப் போகிறவர்களுக்கு

கோலாலம்பூரில் ஞாயிற்றுக்கிழமை காலை இரண்டு கிளப்கள் மோதும் மேட்சுக்குப் பெரும்பாலும் தனியாக அம்பயர் வர மாட்டார், ஸ்கோரரும் வர மாட்டார். பேட்டிங் செய்யும் அணியில் யாருக்கு இன்னும் முறை வரவில்லையோ அவர்கள்தான் தொப்பியை மாட்டிக்கொண்டு நடுவில் போய் நிற்பார்கள். ஸ்கோர் புத்தகமும் அவர்கள் கையில்தான். புதிதாகச் சேர்ந்தவரை ஒன்பதாவது, பத்தாவது ஆளாக இறக்குவது வழக்கம். உங்களுக்கு மூன்று பந்து ஆடக் கிடைக்கலாம், அதுவும் கிடைக்காமல் போகலாம். ஆனால் ஐந்தாறு ஓவர் அம்பயராக நிற்பதும், அதைவிட அதிகமாக ஸ்கோர் எழுதுவதும் நிச்சயம் உங்கள் தலையில்தான் விழும்.

ஆகவே ஊரிலிருந்து வேலைக்கு வந்து டென்னிஸ் பந்தில் மட்டும் ஆடிப் பழகியவரானாலும் சரி, இங்கேயே தாமான் (குடியிருப்பு) திடலில் கால்பந்து ஆடி வளர்ந்து இப்போதுதான் கிரிக்கெட் பக்கம் வருகிறவரானாலும் சரி, நான் சொல்வது ஒன்றுதான்: சிக்ஸர் அடிக்கக் கற்பதற்கு முன் ஸ்கோர் எழுதக் கற்றுக்கொள்ளுங்கள். பத்துப் பேர் உறுதியாகிவிட்ட சனிக்கிழமை இரவில், பதினொன்றாவது ஆளாக யாரைக் கூப்பிடலாம் என்று கேப்டன் யோசிக்கும்போது, நோட்டை ஒழுங்காகப் பிடிக்கிற ஆள்தான் முதலில் நினைவுக்கு வருவார்.

சனிக்கிழமை இரவே கேட்டு வைக்க வேண்டியவை

வாட்சப் குழுவில் இடமும் நேரமும் வந்துவிடும். நீங்களாகக் கேட்க வேண்டியது, என்ன பந்து, என்ன பிட்ச் என்ற இரண்டும்.

தோல் பந்து என்றால் எடை 156 முதல் 163 கிராம் வரை இருக்கும். டென்னிஸ் பந்து, டேப் சுற்றிய பந்து இரண்டிலும் விரலில் பட்டால் உதறிவிட்டுப் போய்விடலாம். தோல் பந்து விரலை உடைக்கும். ஹெல்மெட், பேடு எல்லாம் கிளப் பையில் இருக்கும், கேட்டு வாங்கிக்கொள்ளலாம். அடிவயிற்றுக்கான கார்டை மட்டும் யாரிடமும் கடன் வாங்காதீர்கள். காரணம் சொல்ல வேண்டியதில்லை. கையுறையும் சொந்தமாக இருப்பது நல்லது, ஏனென்றால் இந்த ஊர் வெக்கையில் அடுத்தவர் கழற்றிக் கொடுக்கும் கையுறை பிழிந்தால் தண்ணீர் சொட்டும்.

பிட்ச் பற்றிக் கேட்பது காலணிக்காக. பள்ளித் திடல்களிலும் சின்ன கிளப் திடல்களிலும் சிமெண்டு மேல் ஒட்டிய செயற்கைப் புல் அல்லது கயிற்றுப் பாய்தான் இருக்கும். இரும்பு முள் வைத்த ஷூ இரண்டையும் கிழித்துவிடும், அதைப் போட்டுக்கொண்டு யாரும் உங்களை ஏற விட மாட்டார்கள். ரப்பர் முள் வைத்த ஷூ ஒன்று இருந்தால் எல்லா இடத்துக்கும் போதும். கிரிக்கெட் ஷூ இல்லையென்றால் நல்ல பிடிப்புள்ள விளையாட்டுக் காலணி போட்டு வந்து, பௌலிங் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

தொலைக்காட்சியில் பார்க்கிற மாதிரி பசும்புல் திடல்களும் கிள்ளான் பள்ளத்தாக்கில் உண்டு. பண்டமாரானில் இருக்கும் பாயுமாஸ் ஓவலில்தான் 2025 பிப்ரவரி 2ஆம் தேதி பெண்களுக்கான 19 வயதுக்குட்பட்டோர் உலகக் கிண்ண இறுதியாட்டம் நடந்தது. தென்னாப்பிரிக்காவை வென்ற இந்திய அணியில் மதுரைப் பெண் கமலினியும் இருந்தார். ஆனால் உங்கள் முதல் மேட்ச் அங்கே நடக்கப் போவதில்லை. ஒரு பக்கம் கால்பந்துக் கம்பம், இன்னொரு பக்கம் மழைநீர்க் கால்வாய், நடுவே காலை நடை போகும் பெரியவர்கள், இப்படி ஓர் இடத்தில்தான் நடக்கும். அதற்கும் தனி அழகு உண்டு.

காலையில்

கோலாலம்பூரில் ஏழு மணி வாக்கில்தான் விடிகிறது. எட்டரைக்கு மேட்ச் என்றால் ஏழே முக்காலுக்குத் திடலில் இருங்கள். பசியாறிவிட்டுப் போவதுதான் சரி, ஆனால் நாசி லெமாக்கை (தேங்காய்ப்பால் சோறு) மூக்கு முட்டச் சாப்பிட்டுவிட்டு ஓட முடியாது. ஒன்றரை லிட்டர் தண்ணீர் போத்தல் ஒன்று, 100 ப்ளஸ் பானம் ஒன்று, மாற்றுச் சட்டை, தொப்பி, சன்ஸ்கிரீன். பத்து மணிக்கு மேல் தலையில் நெருப்பு வைத்த மாதிரி இருக்கும்.

பாய் பிட்ச் என்றால் அதை விரிக்கும் வேலையில் புதியவர் முதல் ஆளாக இறங்க வேண்டும். இரண்டு பேர் ஒரு முனையை மிதித்துக்கொள்ள, இரண்டு பேர் மறுமுனையை விறைப்பாக இழுக்க, இன்னொருவர் ஓரத்து வளையங்களில் ஆணி அடித்துக்கொண்டு வருவார். தளர்வாக விட்டால் பந்து விழும் இடத்தில் பாய் சுருண்டு, பந்து ஒன்று முழங்காலுக்கும் அடுத்தது மூஞ்சிக்கும் வரும். ஸ்டம்புக்கு ஸ்டம்பு 22 கெஜம், அதாவது 20.12 மீட்டர். பேட்ஸ்மேன் நிற்கும் கோடு ஸ்டம்பிலிருந்து 1.22 மீட்டர். கோடு அழிந்திருந்தால் சுண்ணாம்பு வைத்துப் போட்டுவிடுங்கள். பத்தாவது ஓவரில் ரன் அவுட்டுக்கு ஆளாளுக்குக் கத்தும்போது அந்தக் கோடுதான் காப்பாற்றும்.

அப்புறம் டாஸ். காசு சுண்டுவதைவிட அதற்கு முன் இரண்டு கேப்டன்களும் பேசிக்கொள்வதுதான் முக்கியம். பக்கத்தில் நின்று காது கொடுத்துக் கேளுங்கள். கால்வாய்க்குள் போனால் நாலா, ஆறா? எல்லைக்குள் இருக்கும் மரத்தில் பட்டால் என்ன? எல்பிடபிள்யூ, அதாவது ஸ்டம்பில் படவேண்டிய பந்தைக் காலால் தடுத்தால் அவுட் என்பது, உண்டா? நோ பாலுக்கு, அதாவது விதிமீறி வீசிய பந்துக்கு, ஃப்ரீ ஹிட் (கேட்ச், போல்டு பயமில்லாமல் அடிக்கிற அடுத்த பந்து) உண்டா? ஒரு பௌலருக்கு எத்தனை ஓவர்? இருபது ஓவர் மேட்சில் ஆளுக்கு நாலு என்பது பொது வழக்கம். சொந்த அணிக்காரர்களே அம்பயராக நிற்கும் மேட்ச்களில் எல்பிடபிள்யூ வேண்டாம் என்று வைத்துக்கொள்ளும் கிளப்கள் உண்டு. கோழைத்தனம் மாதிரித் தோன்றும், ஆனால் அதனால் பல நட்புகள் பிழைத்திருக்கின்றன. அரை மணி நேரத்தில் நீங்கள்தான் அம்பயராக நிற்கப் போகிறீர்கள், அதனால் இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஸ்கோர் புத்தகம்

இப்போது கிரிக்ஹீரோஸ் மாதிரி செயலியில் எல்லாரும் எழுதுகிறார்கள். எழுதட்டும். ஆனால் போனில் பேட்டரி தீரும், மழை வந்தால் திரை தொட விடாது, நடுவில் மனைவியிடமிருந்து அழைப்பு வரும். ஒரு தாளில் பேனாவால் எழுதத் தெரிந்தவருக்குச் செயலி பத்து நிமிடத்தில் பிடிபடும். செயலி மட்டும் தெரிந்தவர் ஒரு பந்தைத் தவறாக அழுத்திவிட்டால் எங்கே பிசகியது என்றே தெரியாமல் திணறுவார்.

குறிகள் சில மட்டுமே. ரன் இல்லையென்றால் புள்ளி. ரன் எடுத்தால் எண். வைடுக்கு, அதாவது பேட்ஸ்மேனுக்கு எட்டாமல் விலகிப் போகும் பந்துக்கு, கூட்டல் குறி. நோ பாலுக்கு வட்டம், அதில் பேட்டால் ரன் அடித்தால் அந்த எண் வட்டத்துக்குள். பை (பேட்டிலும் உடம்பிலும் படாத பந்தில் ஓடிய ரன்) முக்கோணம், லெக் பை (உடம்பில் பட்ட பந்தில் ஓடிய ரன்) தலைகீழ் முக்கோணம். விக்கெட்டுக்கு ‘வி’ என்றோ டபிள்யூ என்றோ எழுதுங்கள், அது உங்கள் விருப்பம்.

குறியைவிட எது யார் கணக்கில் ஏறும் என்பதில்தான் எல்லாரும் தடுமாறுவார்கள். ஓர் ஓவரை எழுதிப் பார்ப்போம். ரவி, குமார் இருவரும் ஆடுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ரவி முதல் பந்தில் ஒரு ரன் எடுக்கிறார். இப்போது குமார் பந்தைச் சந்திக்கிறார்: ஒரு வைடு, ஒரு புள்ளி, அடுத்த பந்தில் கேட்ச் கொடுத்து அவுட். செல்வம் உள்ளே வருகிறார். 2022 அக்டோபரிலிருந்து விதி மாறிவிட்டது. கேட்ச் ஆனால், பேட்ஸ்மேன்கள் நடுவில் ஒருவரையொருவர் தாண்டியிருந்தாலும் சரி, புதிதாக வருபவர்தான் அடுத்த பந்தை ஆட வேண்டும். ஓவர் முடிந்திருந்தால் மட்டும் விலக்கு. பழைய பழக்கத்தில் இன்னும் பல பேர் முனை மாறி நிற்பார்கள், ஸ்கோரர்தான் குரல் கொடுக்க வேண்டும். சரி, செல்வம் காலில் பட்டு ஒரு லெக் பை. ரவி மறுபடி இந்த முனைக்கு வருகிறார். ஒரு நோ பால், அதை நாலுக்கு விரட்டுகிறார். அடுத்தது புள்ளி. கடைசிப் பந்தில் இரண்டு.

வீசியது எட்டு பந்து, கணக்கில் ஆறு. மொத்தம் 10 ரன். இதில் பேட்டால் வந்தது ரவியின் 7 மட்டும். மீதி 3 உதிரி: வைடு ஒன்று, லெக் பை ஒன்று, நோ பால் ஒன்று. பௌலர் கொடுத்தது 9, ஏனென்றால் பையும் லெக் பையும் அவர் தலையில் ஏறாது, வைடும் நோ பாலும் ஏறும். சந்தித்த பந்துகள் என்று பார்த்தால் ரவிக்கு 4, குமாருக்கு 2, செல்வத்துக்கு 1. குமாருக்கு மூன்று பந்து வந்ததே என்று கேட்பீர்கள். வைடு, பேட்ஸ்மேன் சந்தித்த பந்தாகாது. நோ பால் ஆகும். ஓவர் கணக்கில் இரண்டுமே சேராது.

ஓவர் முடிந்ததும் இரண்டு கூட்டல் போடுங்கள். பேட்ஸ்மேன்கள் எடுத்ததும் உதிரியும் சேர்ந்தால் மொத்தம் வர வேண்டும்: 7 + 3. பௌலர் கொடுத்ததும் பை, லெக் பையும் சேர்ந்தாலும் அதே மொத்தம் வர வேண்டும்: 9 + 1. இரண்டும் பொருந்தினால் நிம்மதியாக இருக்கலாம். பொருந்தாவிட்டால் அந்த ஓவரிலேயே தேடிப் பிடியுங்கள். மூன்று ஓவர் கழித்துத் தேடினால் கிடைக்காது, எதிரணி ஸ்கோரரோடு வாக்குவாதம்தான் மிஞ்சும். முடிந்தவரை அவர் பக்கத்திலேயே உட்காருங்கள். ஓவருக்கு ஒரு தடவை, “எவ்வளவு அண்ணே உங்களுக்கு?” என்று கேட்டுக்கொண்டால் சண்டைக்கே வழியில்லை.

ரன் அவுட் பௌலர் கணக்கில் சேராது. வைடில் ஓடி எடுத்த ரன்னெல்லாம் வைடாகத்தான் எழுதப்படும். அம்பயர் சைகை காட்டியதும் நீங்கள் கையை உயர்த்திக் காட்ட வேண்டும். அதுவரை அவர் காத்திருக்க வேண்டும் என்பதும் விதிதான். போனில் மூழ்கியிருந்தால் திடலே உங்களைப் பார்த்துக் கத்தும்.

அம்பயராக நிற்கும்போது

புதியவரை முதலில் ஸ்கொயர் லெக்கில் நிறுத்துவார்கள். பேட்ஸ்மேனின் கால் பக்கம், கோட்டுக்கு நேர் பக்கவாட்டில். ரன் அவுட், ஸ்டம்பிங் இரண்டும்தான் அங்கே உங்கள் வேலை. பேட் அல்லது உடம்பின் ஏதாவது ஒரு பகுதி கோட்டைத் தாண்டித் தரையில் பட்டிருக்க வேண்டும். கோட்டின் மேல் இருந்தால் அவுட். காலை வெயில் நேரே கண்ணில் அடித்தால், கேப்டனிடமும் பேட்ஸ்மேனிடமும் சொல்லிவிட்டு எதிர்ப்பக்கம் போய் நிற்கலாம். பந்து தூரத்தில் இருந்து எறியப்படும்போது பந்தைப் பார்த்துக்கொண்டே இருக்காதீர்கள். எறிந்ததும் கண் கோட்டுக்குத் திரும்பிவிட வேண்டும்.

பௌலர் முனைக்கு வந்ததும் வேலை கூடும். பத்து சென் காசு ஆறை இடது சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு நல்ல பந்துக்கும் ஒன்றை வலது பைக்கு மாற்றுங்கள். எண்ணுகிற கருவி விற்கிறது, ஆனால் காசு தொலைந்தால் அறுபது சென்தான் நஷ்டம். பௌலரின் முன்காலில் கொஞ்சமாவது கோட்டுக்குப் பின்னால் இருக்க வேண்டும், இல்லையென்றால் நோ பால். தரையில் விழாமல் இடுப்புக்கு மேலே நேராக வரும் ஃபுல் டாஸும் நோ பால். நோ பாலுக்கு ஒரு கை பக்கவாட்டில் நீட்டுவது, வைடுக்கு இரண்டு கையும். பைக்கு உள்ளங்கை விரித்து ஒரு கையைத் தலைக்கு மேல். லெக் பைக்கு உயர்த்திய முழங்காலைத் தொடுவது. மற்றவை நீங்கள் டிவியில் பார்த்ததுதான்.

எதிரணி முறையிடாமல் அவுட் கொடுக்கக் கூடாது. முறையிட்டதும் உடனே பதில் சொல்லவும் வேண்டாம். மூச்சு ஒன்று இழுத்துவிட்டு, நடந்ததை மனதில் ஓட்டிப் பார்த்துச் சொல்லுங்கள். எல்பிடபிள்யூ இருக்கிற மேட்ச் என்றால் வரிசையாகக் கேட்டுக்கொள்ளுங்கள்: பந்து லெக் ஸ்டம்புக்கு வெளியே விழுந்ததா? விழுந்தால் கதை முடிந்தது, நாட் அவுட். பேட்டில் பட்டதா? ஸ்டம்புக்கு நேரே காலில் பட்டதா? ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே பட்டிருந்து, பேட்ஸ்மேன் உண்மையாகவே ஆட முயன்றிருந்தால் நாட் அவுட். கடைசியாக, ஸ்டம்பில் பட்டிருக்குமா? எதிலாவது சந்தேகம் இருந்தால் நாட் அவுட்தான்.

சொந்த அணிக்காரர் ஆடும்போது அவுட் கொடுப்பது சங்கடம்தான். அவுட்டான அண்ணன் நடந்து போகும்போது உங்களை ஒரு பார்வை பார்ப்பார். பார்க்கட்டும். அவுட்டை மறைக்கிற அணிக்கு அடுத்த தடவை மேட்ச் கிடைக்காது. இந்த ஊர் கிளப்கள் எல்லாம் ஒன்றுக்கொன்று தெரிந்தவை, பேச்சு இரண்டு வாட்சப் குழு தாண்டிப் பரவ அரை நாள்கூட ஆகாது.

பேட்டிங், ஃபீல்டிங்

ஃபீல்டிங்கில் உங்களை ஃபைன் லெக்கில் அல்லது தேர்ட் மேனில் நிறுத்துவார்கள், அதாவது கீப்பருக்குப் பின்னால், எல்லையோரம். ஒவ்வொரு பந்துக்கு முன்பும் கேப்டனை ஒரு தடவை பாருங்கள். இரண்டு அடி நகர்ந்து நிற்கச் சொல்வார், நீங்கள் அந்தப் பக்கம் போகும் நாயைப் பார்த்துக்கொண்டிருந்தால் கோபம் வரும். திடல் மேடுபள்ளமாக இருக்கும், ஒரு முழங்காலை ஊன்றி உடம்பைப் பந்துக்குப் பின்னால் கொண்டுவாருங்கள். அழகுக்காக ஒரு கையால் எடுக்க வேண்டாம். பந்தில் எச்சில் தேய்ப்பது 2022லிருந்து விதியில் தடை, வியர்வையில் தேய்க்கலாம். வியர்வைக்கு இங்கே பஞ்சமில்லை.

பேட்டிங்குக்கு ஒன்று சொல்கிறேன்: இரண்டு விக்கெட் முன்னதாகவே பேடு கட்டிவிடுங்கள். பக்கிள் எல்லாம் காலின் வெளிப்பக்கம் இருக்க வேண்டும். விதிப்படி அடுத்த பேட்ஸ்மேன் மூன்று நிமிடத்துக்குள் ஆடத் தயாராக வேண்டும், சில போட்டிகளில் இன்னும் குறைவு. உள்ளே போனதும் அம்பயரிடம் கார்டு கேளுங்கள் (பேட் எந்த ஸ்டம்புக்கு நேரே இருக்கிறது என்று அவர் சொல்வார்), ஃபீல்டர்கள் எங்கே என்று ஒரு சுற்றுப் பாருங்கள். ஓடும்போது யெஸ், நோ, வெயிட் மூன்று சொல் போதும். அணியில் யாழ்ப்பாணத்துக்காரரும் பாகிஸ்தான்காரரும் மலாய்த் தம்பியும் இருப்பார்கள், வேறு எதைக் கத்தினாலும் இருவரும் ஒரே முனையில் நிற்பீர்கள்.

மழை

இங்கே இது தனிப் பாடம். ஏப்ரலிலும் அக்டோபர், நவம்பரிலும் பிற்பகல் இடிமழை வழக்கம், மற்ற மாதங்களிலும் நம்ப முடியாது. கோலாலம்பூர் வட்டாரத்தில் நடந்த இரண்டு பெரிய இறுதியாட்டங்களை மழை எப்படிச் சுருக்கியது என்று பாருங்கள். 1997 ஏப்ரலில் ஐசிசி கோப்பை இறுதியாட்டம், கிலாட் கிளப் திடல். கென்யா 50 ஓவரில் 241 எடுத்தது. மழையால் ஆட்டம் மறுநாளுக்குப் போனது. பங்களாதேஷுக்கு 25 ஓவரில் 166 என்று இலக்கு மாற்றப்பட்டது, கடைசிப் பந்தில் ஜெயித்தார்கள். 2008 மார்ச் 2ஆம் தேதி பூச்சோங் கின்ராரா ஓவலில் 19 வயதுக்குட்பட்டோர் உலகக் கிண்ண இறுதியாட்டம். அன்றும் மழை, அன்றும் 25 ஓவர். தென்னாப்பிரிக்கா 116 எடுக்க வேண்டும், 103இல் நின்றது, கோலியின் அணிக்குக் கிண்ணம். உலகக் கிண்ணத்தையே விடாத மழை உங்கள் மேட்சை விடாது.

அதனால் இலக்கை எப்படிக் குறைப்பது என்பதை டாஸிலேயே பேசிவிட வேண்டும். சின்ன மேட்ச்களில் ஓவருக்கு இத்தனை ரன் என்ற சராசரிக் கணக்குதான் ஓடும். சர்வதேச இருபது ஓவர் ஆட்டத்தில் முடிவு சொல்ல இரு அணிக்கும் குறைந்தது ஐந்து ஓவர் வேண்டும், பலரும் அதையே பின்பற்றுவார்கள். இங்கேதான் ஓவர் வாரியாகக் கூட்டிவைத்த ஸ்கோர் புத்தகத்துக்கு மதிப்பு. எட்டாவது ஓவர் முடிவில் எவ்வளவு என்று கேட்டால் உடனே சொல்லத் தெரிய வேண்டும்.

மழையைவிட இடிக்குத்தான் பயப்பட வேண்டும். மின்னலுக்கும் சத்தத்துக்கும் இடையே முப்பது விநாடிக்குக் குறைவாக இருந்தால் எல்லாரும் வெளியே வந்துவிடுங்கள். கட்டடத்துக்குள் அல்லது காருக்குள் போங்கள், மரத்தடியில் ஒதுங்காதீர்கள். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழித்துத்தான் மறுபடி இறங்க வேண்டும். இதில் கேப்டன் என்ன சொன்னாலும் நான் கேட்பதில்லை, நீங்களும் கேட்காதீர்கள்.

மேட்ச் முடிந்ததும்

சாப்பாடு வாங்கும் பொறுப்பு உங்களுக்கு வந்தால்: ஹலால் கோழி, சைவம், இரண்டும் எப்போதும் இருக்கட்டும். மாட்டிறைச்சி வேண்டாம். புரட்டாசி என்றால் சைவப் பொட்டலத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள், பாதி அணி அதைத்தான் கேட்கும். நோன்பு மாதத்தில் முஸ்லிம் நண்பர்கள் தண்ணீர்கூடக் குடிக்காமல் ஆடுவார்கள். அவர்களை வெயிலில் ஓட விடாமல் கீப்பருக்குப் பக்கத்தில் ஸ்லிப்பில் நிறுத்தக் கேப்டனுக்கு நினைவூட்டுங்கள்.

திடல் வாடகையில் உங்கள் பங்கு எத்தனை வெள்ளி என்று கேட்டு அன்றே கொடுத்துவிடுங்கள். காசு கேட்டு அலைவதுதான் கிளப் பொருளாளர்களின் பெரிய தலைவலி. ஸ்கோர் தாளில் இரண்டு கேப்டன்களின் கையெழுத்தும் வாங்கி, ஒரு படம் எடுத்துக் குழுவில் போடுங்கள். ஈரமாயிருந்தால் பாயைச் சுருட்டி மூடி வைக்காதீர்கள், அடுத்த வாரம் பூஞ்சை பிடித்துவிடும். வேலி மேல் விரித்துப் போட்டுக் காயவிட்டுத்தான் கட்ட வேண்டும். எல்லாம் முடிந்து மாமாக் கடையில் தே ஆய்ஸ் (ஐஸ் போட்ட பால் தேநீர்) வந்ததும், அடுத்த வாரத்துக்கான வாக்கெடுப்பு குழுவில் வந்திருக்கும். வர முடிந்தாலும் முடியாவிட்டாலும் அப்போதே பதில் போட்டுவிடுங்கள்.